உதட்டின் உரிமை: ஊவா மலைநாட்டில் தண்ணீரின் வரலாறு

இலங்கையின் தென்கிழக்குக்குத் தண்ணீர் கொடுப்பது ஊவா மலைதான். நமுனுகுல மலைத்தொடரில் ஊறும் நீர் மாணிக்க கங்கையாகிக் கதிர்காமம் போகிறது. பண்டாரவளைப் பக்கத்தில் தொடங்கும் கிரிந்தி ஓயா வெல்லவாயவைத் தாண்டித் திஸ்ஸமஹாராம வயல்களை நனைக்கிறது. லுணுகலை மலைகளின் நீர் கும்புக்கன் ஓயாவாகிறது. பதுளு ஓயா, உமா ஓயா, லொக்கல் ஓயா மூன்றும் மகாவலியில் கலந்து திருகோணமலைக் கடலைச் சேர்கின்றன. பதுளு ஓயா துன்ஹிந்தவில் ஏறத்தாழ 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதைப் பார்க்க நாடெங்குமிருந்து ஆக்கள் வருகிறார்கள்.

இப்படிப்பட்ட மண்ணில் தண்ணிப் பஞ்சம் என்று சொன்னால் வெளியூர்க்காரருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் பசறை, மடுல்சீமை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஜூலை பிறந்தால் என்ன நடக்கும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். தென்மேற்கு மழை மலையின் மறுபக்கத்தில் கொட்டித் தீர்ந்துவிட, இந்தப் பக்கம் வெறும் கச்சான் காற்று இறங்கி வீசும். பீலியில் தண்ணி நூல் போல மெலியும். குடங்கள் வரிசையில் நிற்கும். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் அதற்குப் பிறகுதான் தண்ணிக்குப் போக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அதே வரண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் கிடைக்கும் பருவமும் லயத்துப் பானை காலியாகும் பருவமும் ஒன்றுதான்.

காற்றையும் மழையையும் மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. தண்ணீர் யாருடையது, யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்ட பதில்களின் விளைவுதான் இந்தப் பஞ்சம். அந்தப் பதில்களின் வரலாற்றையே இக்கட்டுரை சுருக்கமாகப் பார்க்கிறது. உதவ நினைக்கும் தனிமனிதர் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் அந்த வரலாற்றிலிருந்தே தெரியும்.

தாவளத்து மாடும் மலை ஊற்றும்

கண்டி இராச்சியக் காலத்தில் ஊவாவுக்கும் கரையோரத்துக்கும் இடையே உப்பு, கருவாடு, புடவை, பாக்கு எல்லாம் பொதிமாட்டின் முதுகில்தான் போய்வந்தன. அந்தத் தாவள வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. தாவளப் பாதை என்பது ஒருவகையில் தண்ணீர்ப் பாதை. மாட்டுக்குப் புல்லும் நீரும் கிடைக்கும் இடத்தில்தான் பொதி இறக்க முடியும். அந்த ஊற்று யாருடையது என்று கேட்டுக் காசு வாங்கும் வழக்கம் இருந்திருந்தால் இந்த வணிகமே நடந்திராது.

ஊவாவின் அரசியல் வரலாற்றிலும் தாவளம் ஒரு திருப்புமுனையாக வருகிறது. 1817 இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் ஹஜ்ஜி மரிக்கார் என்ற முஸ்லிமை மடிகே முகாந்திரமாக நியமித்தனர். பொதிமாட்டுப் போக்குவரத்தின் மேல் உள்ளூர்த் திசாவைக்கு இருந்த அதிகாரம் இதனால் அறுந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பதுளையின் உதவி வதிவிட அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் கொல்லப்பட்டார். 1818 ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி பரவியது. அதை அடக்க வந்த படை வீடுகளையும் வயல்களையும் எரித்தது. குடிகள் சிதறினார்கள். அணையையும் வாய்க்காலையும் கூடி நின்று பேணிவந்த ஊர் உழைப்பு அத்தோடு குலைந்தது.

1840: மலை கைமாறிய கதை

அடுத்த அடி சட்டத்தின் வழியாக வந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடு, தரிசு, சேனைக் காணிகள் அனைத்தையும் முடிக்குச் சொந்தமானவையாகக் கருதியது. 1844 வரை ஏக்கருக்கு 5 ஷில்லிங் விலையில் அவை தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கோப்பி வந்தது. 1869 இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் அந்தக் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது.

பயிர் மாறினாலும் ஒன்று மாறவில்லை. மலையை வாங்கியவர் மலையின் ஊற்றையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாகக் காடு உறிஞ்சிவைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக விட்ட நீர், காடு போனதும் மழையோடு மழையாகச் சரிவில் ஓடத் தொடங்கியது. மண்ணையும் அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சிய ஊற்று பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் பங்கிடப்பட்டது: முதலில் துரை பங்களா, அடுத்தது தொழிற்சாலை, கடைசியில் லயம். லயத்துக்கு வரும்போது அது ஒரு பீலியாகவோ, பல குடும்பங்களுக்கு ஒரேயொரு குழாயாகவோ இருந்தது. மேலே உள்ள தேயிலைக்குப் போட்ட உரமும் மருந்தும், மலசலகூடம் இல்லாத நாட்களில் மனிதக் கழிவும், மழையில் கரைந்து கீழே வந்தன. குடித்தவர்களும் கீழேதான் இருந்தார்கள்.

தண்ணீரால் இறந்தவர்கள்

தோட்டத் தொழிலாளரின் வரலாறு தொடங்கும் இடத்திலேயே தண்ணீர் ஒரு கொலைகாரனாக நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வடபாதை வழியாகக் காட்டுக்குள் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். ஊவாவுக்கு வரவேண்டியவர்களுக்கு அதற்குப் பிறகும் மலை ஏற வேண்டியிருந்தது. வழியில் கிடைத்த குட்டையில் குடித்தார்கள். வாந்திபேதியும் வயிற்றுளைச்சலும் கூட்டங் கூட்டமாக உயிர்களைக் கொண்டுபோயின. இலண்டனில் ஜோன் ஸ்நோ என்ற மருத்துவர் வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்பதைத் தெருக் குழாயொன்றைக் கொண்டு நிறுவியது 1854 இல். அந்த அறிவு வடபாதையின் கிணறுகளை வந்தடையப் பல பத்தாண்டுகள் ஆயின.

1872 இல் தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரியும் மருந்தும் பற்றிப் பேசினார்கள். நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பது ஒரு வேலை. நோய் வராமல் நல்ல தண்ணீர் கொடுப்பது வேறு வேலை. இரண்டாவதற்குத்தான் செலவு அதிகம். 1916 இல் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியபோது இந்த வித்தியாசம் வெளிச்சத்துக்கு வந்தது. மருந்து கொடுத்தால் புழு போகும். ஆனால் மலசலகூடம் கட்டாத தோட்டத்தில் அதே ஆளுக்கு மீண்டும் புழு பிடிக்கும். கட்டடத்துக்குக் காசு போடத் தோட்டங்கள் தயங்கின. ஒரு நூற்றாண்டு கழித்தும் கேட்கவேண்டிய பாடம் இது. மாத்திரையும் வடிகட்டியும் கொடுத்துவிட்டுக் கழிவு போகும் வழியைக் கவனிக்காவிட்டால் அந்த உதவி நிற்காது.

உதட்டின் உரிமை

இங்கே சற்று நின்று, இதே கேள்விக்கு எங்கட மார்க்கச் சட்ட மரபு என்ன பதில் வைத்திருந்தது என்று பார்ப்போம். தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்துள்ள நபிமொழியை ஆதாரமாக வைத்து, இமாம்கள் தண்ணீரின் உரிமையை இரண்டாகப் பிரித்தார்கள். வயலுக்குப் பாய்ச்சும் உரிமை 'ஷிர்ப்'. மனிதனும் மிருகமும் குடிக்கும் உரிமை 'ஹக்குஷ் ஷஃபா'. ஷஃபா என்றால் உதடு. முதலாவதில் பங்கு, முறை, வழக்கு எல்லாம் உண்டு. இரண்டாவது அப்படியல்ல. காணி உங்களுடையதாக இருக்கலாம். அதில் ஊறும் நீரைத் தாகத்தோடு வந்த உதட்டுக்கு மறுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அந்த உதடு எந்த மதத்தவருடையது என்ற கேள்வியும் இங்கே இல்லை. 1869 க்கும் 1876 க்கும் இடையில் உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டக்கோவையில் இவை தனித்தனி விதிகளாகவே எழுதப்பட்டன. அதே காலத்தில் ஊவாவில் ஊற்று உறுதிப் பத்திரத்துக்குள் அடைபட்டிருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு கிணற்றைச் சுற்றி 'ஹரீம்' என்ற காப்பு எல்லை உண்டு. மஜல்லா அதை நாற்புறமும் 40 முழம் என்கிறது. அந்த எல்லைக்குள் வேறொருவர் தோண்டி முதல் கிணற்றின் நீரைக் குறைக்கக் கூடாது. நிலத்துக்கடியில் நீர் ஒன்றோடொன்று தொடர்புடையது என்பதை அந்தக் காலத்துச் சட்டமே புரிந்துவைத்திருந்தது.

மதீனாவின் ரூமாக் கிணறு நாம் எல்லோரும் அறிந்த செய்தி. ஒரு தனியாள் அதன் நீரை விற்றுக்கொண்டிருந்தார். உஸ்மான் (ரலி) அவர்கள் பெருந்தொகை கொடுத்து அதை வாங்கிப் பொதுவுக்கு வக்பு செய்தார்கள். ஏழைகளுக்குத் தண்ணி வாங்கக் காசு கொடுத்திருந்தால் அதுவும் நன்மைதான். அவர்களோ விலை கேட்கும் உரிமையையே நீக்கினார்கள். ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா மக்காவுக்குக் கொண்டுவந்த நீர்க்கால்வாயும் அப்படித்தான். அது ஆயிரம் ஆண்டுக்கு மேல் பயன்பட்டதற்குக் காரணம் கட்டியவர் மட்டுமல்ல. பிற்காலத்தில் பழுது பார்த்தவர்களும்தான். 16 ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய இளவரசி மிஹ்ரிமா அதன் திருத்த வேலைக்குச் செலவு செய்தார்.

வாக்கு இல்லாதவரின் குழாய்

மீண்டும் ஊவாவுக்கு வருவோம். சுதந்திரம் வந்த ஆண்டிலேயே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. வாக்கும் போனது. வாக்கு இல்லாத ஊருக்குக் குழாய் கேட்டுப் பாராளுமன்றத்தில் யார் எழும்புவார்? நாட்டின் மற்றக் கிராமங்களுக்குப் பாதையும் பாடசாலையும் தண்ணீரும் போய்ச் சேர்ந்த ஆண்டுகளில் தோட்டம் கம்பனியின் தயவிலேயே இருந்தது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. லயத்துக் குழாய்க்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

அதிகம் பேசப்படாத ஒரு சட்டப் பிரிவை இங்கே குறிப்பிட வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிட முடியாது என்ற நிலையை ஏற்படுத்தியது. தோட்ட மக்கள் பிரஜைகளாகி, பிரதேச சபைக்கு வாக்களித்து, தங்கள் ஆக்களை உறுப்பினராக்கிய பிறகும் அந்த உறுப்பினரால் தன் லயத்துக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுக்க முடியவில்லை. மலையகப் பிரதிநிதிகளின் நீண்டகால வற்புறுத்தலுக்குப் பிறகு 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. பக்கத்து டவுனில் நீர்க் கட்டணம் கட்டி வாழ்ந்த நம்மவர் பலருக்கு இப்படியொரு சட்டம் இருந்ததே தெரியாது.

சுரங்கம் குடித்த கிணறுகள்

தண்ணிக் கஷ்டம் தோட்டத்துக்கு மட்டுமே உரியது என்று இருந்த எண்ணத்தை உமா ஓயாத் திட்டம் உடைத்தது. 2008 ஏப்ரலில் அப்போதைய ஈரானிய ஜனாதிபதி அஹ்மதிநெஜாத்தும் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவும் அடிக்கல் வைத்த திட்டம் இது. புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, உமா ஓயா நீரைப் பதினைந்து கிலோமீற்றருக்கும் கூடுதலான சுரங்கத்தின் வழியே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பி, 120 மெகாவொட் மின்சாரமும் மொனராகலை, அம்பாந்தோட்டை வரண்ட நிலங்களுக்குப் பாசனமும் தருவது அதன் நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. கீழே இருப்பவர்களுக்கும் தாகம் உண்டு.

ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் பெருமளவில் உள்ளே பாய்ந்தது. மேலே பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில், ஹீல் ஓயா, மகுல் எல்ல போன்ற ஊர்களில் கிணறுகள் வற்றின. ஊற்றுகள் நின்றன. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பவுசருக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்தன. 2017 ஜூனில் பண்டாரவளை வீதிகளில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக இறங்கினார்கள். 2024 ஏப்ரல் 24 அன்று ஈரானிய ஜனாதிபதி இப்ராஹீம் ரயீசியின் முன்னிலையில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் வருகிறது. போன ஊற்று எல்லா இடத்திலும் திரும்பி வரவில்லை.

40 முழ ஹரீம் என்ற பழைய விதியின் உள்ளர்த்தம் இங்கே தெளிவாகிறது. ஆழத்தில் செய்யும் வேலை அயலவரின் கிணற்றை என்ன செய்யும் என்று முன்கூட்டியே கேட்பது வளர்ச்சிக்கு எதிரான பேச்சு ஆகாது. அது உதட்டின் உரிமையைக் காப்பது.

உலகக் கணக்கும் ஊர்க் கணக்கும்

2010 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதுகாப்பான குடிநீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2022 இல் உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர் இல்லை. இந்தச் சொற்றொடரின் பொருளைக் கவனியுங்கள். தண்ணீர் வீட்டு வளவுக்குள் கிடைக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் கிடைக்க வேண்டும். கிருமியும் நச்சும் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. லயத்துக் கோடியில், காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் வரும், பரிசோதிக்கப்படாத குழாய் இந்த மூன்றிலும் தோற்றுவிடும்.

தனிமனித உதவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் எச்சரிக்கையும் உண்டு. வயிற்றோட்டத்தால் பிள்ளைகள் இறப்பதைத் தடுக்க 1970 களில் தொடங்கி வங்காளதேசத்தில் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. நல்லெண்ணம்தான். ஆனால் நீரை ஆர்செனிக்குக்காக யாரும் சோதிக்கவில்லை. 1993 இல்தான் அந்த நச்சு கண்டறியப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அதைக் குடித்துவிட்டார்கள். ஆபிரிக்காவில் நிறுவப்பட்ட கைப்பம்புகளில் சுமார் மூன்றிலொரு பங்கு வேலை செய்யவில்லை என்று 2000 களின் பிற்பகுதியில் மதிப்பிடப்பட்டது. பெயர்ப்பலகையோடு பம்பைத் திறந்துவைப்பவர் பலர். வொஷர் தேய்ந்தால் மாற்றுவதற்கு ஆளும் காசும் ஒதுக்கியவர் சிலர்.

நல்ல உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. 1993 முதல் 1998 வரை உலக வங்கி உதவியோடு நடந்த சமுதாய நீர் வழங்கல் திட்டம் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில்தான் தொடங்கியது. ஊரவர் சங்கம் அமைத்தார்கள். செலவில் ஐந்திலொரு பங்கைப் பணமாகவும் உழைப்பாகவும் தாங்களே போட்டார்கள். மலை ஊற்றைக் கட்டி, தாங்கி வைத்து, குழாய் இழுத்து, மாதக் கட்டணம் வாங்கி, பழுதைத் தாங்களே பார்த்தார்கள். இந்த முறை பிறகு நாடெங்கும் பரவியது. 2014 இல் இதற்கெனத் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களமும் உருவானது. ஊற்றுள்ள காணி தன் கையில் இல்லாத தோட்டத்து மக்களுக்கு இப்படிச் சங்கம் கட்டுவது கிராமத்தவரை விடக் கடினம். வெளியிலிருந்து உதவுபவரின் துணை அங்கேதான் தேவைப்படுகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டிலும் பள்ளியிலும் அளவு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூச் செய்தார்கள் என்பது பதிவான செய்தி. ஷாஃபி மத்ஹபின் கணக்கில் அது முக்கால் லீற்றருக்கும் குறைவு. எங்கட ஹவுளுக்குப் பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்பவர் எத்தனை மடங்கு செலவழிக்கிறார் என்று ஒரு வக்துக்கு அளந்து பார்த்தால் தெரியும். ஒளூ நீரை மரத்துக்குத் திருப்புவதும் பள்ளிக் கூரையின் மழைநீரைத் தாங்கியில் சேர்ப்பதும் பெரிய செலவில்லாத வேலைகள்.

இரண்டாவது, பராமரிப்புக்கான வக்பு. நம் நாட்டில் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டம் இருக்கிறது. ஒரு கடை வாடகையையோ சிறு காணி வருமானத்தையோ ஒரு நீர்த்திட்டத்தின் பழுதுபார்ப்புக்கும், ஆண்டுதோறும் நீரைச் சோதிப்பதற்கும் எழுதிவைக்க முடியும். புதுக் கிணறு ஒன்றுக்குக் காசு சேர்க்கும்போது அதன் அடுத்த இருபது ஆண்டுக்கும் சேர்த்துத் திட்டமிடுவதுதான் ரூமாவின் வழி. பயனாளி தோட்டத்துச் சகோதரராக இருப்பதற்குத் தடை ஏதுமில்லை. ஷஃபாவின் விதி அதைத்தான் சொல்கிறது.

மூன்றாவது, கேள்வி கேட்பது. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் தன் பகுதிக் குடிநீரின் பரிசோதனை முடிவுகளைக் கேட்கலாம். 33 ஆம் பிரிவு திருந்திய பிறகு பிரதேச சபை தோட்டத்துக்கு என்ன செய்தது என்றும் கேட்கலாம். தோட்டத்தவர் கேட்பதற்கும், அவர்களோடு சேர்ந்து டவுன் வியாபாரியும் ஆசிரியரும் பள்ளி நிர்வாகியும் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நான்காவது, இந்த இதழின் வாசகர்களுக்கே உரிய வேலை. ஊவாவின் ஊற்றுகளை யாராவது எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு ஊற்றுக்கும் பீலிக்கும் ஊரவர் வைத்த பெயர், அதை நம்பியிருக்கும் குடும்பங்கள், எந்த மாதத்தில் மெலிகிறது, மேலே என்ன பயிர், எந்த ஆண்டிலிருந்து குறைந்தது என்ற விபரங்கள் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. கிணற்றின் பழைய நீர்மட்டத்தை ஆண்டுதோறும் ஒரு கொப்பியில் குறித்துவைத்திருந்தால், கிணறு வற்றிய ஒரு குடும்பத்தின் நட்டஈட்டுக் கோரிக்கை எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்! பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை ஜமாஅத்துகளின் இளைஞர்கள் பக்கத்துத் தோட்டத்து இளைஞர்களோடு சேர்ந்து ஒரு கொப்பியும் அளவுக் கயிறும் எடுத்துக்கொண்டு இறங்கினால், ஒரு கச்சான் பருவத்துக்குள் முதல் பதிவேடு தயாராகிவிடும். அடுத்த திட்டம் தோண்டப்படும் முன் அது மேசையில் இருக்க வேண்டும்.